‘நூறு எக்ஸ்பெரிமென்ட்’ சயின்ஸ் கிட்: டப்பாவுல எது தேறும், எது தேறாது

அஞ்சு வயசுக்கு மேலன்னு போட்டு பளபளன்னு டப்பாவுல வர்ற சயின்ஸ் கிட் இப்ப ஆன்லைன்ல நிறைய ஓடுதுல்ல, அதுல ஒண்ணு யூகேஜி படிக்கிற எங்க பொண்ணுக்கு வாங்கினோம், ஆயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. கம்பெனி பேர் வேணாம், இதே சரக்கு நாலஞ்சு பேர்ல வருது, டப்பா கலர்தான் வேற.

மொதல்ல அந்த நூறுங்கற கணக்கு. சோடா உப்பும் சிட்ரிக் ஆசிட்டும் தண்ணியும் சேர்ந்தா நுரைச்சுக்கிட்டு கார்பன் டை ஆக்சைடு வரும், அதையே எரிமலைன்னு ஒண்ணு, பலூன் ஊதறதுன்னு ஒண்ணு, ராக்கெட்னு ஒண்ணு, கலர் ஊத்தி ரெயின்போ எரிமலைன்னு இன்னொண்ணுன்னு எண்ணி வச்சிருக்காங்க. இப்படிப் பாத்தா எங்க வீட்டு இட்லி மாவுலயும் நூறு டிபன் இருக்கு.

ஆனா அந்த நுரைக்கிற சமாச்சாரத்துல ஒரு அருமையான விஷயம் இருக்கு, மேனுவல்ல அதப் பத்தி ஒரு வரி கூட இல்ல. ஜிப் கவர்ல ரெண்டையும் போட்டு தண்ணி ஊத்தி மூடினதும் பொண்ணு கவரக் கையில பிடிச்சுட்டு “ஏன்மா இது ஜில்லுன்னு ஆகுது”ன்னா. உண்மைதான், இந்த ரியாக்‌ஷன் சுத்தி இருக்கிற சூட்ட இழுத்துக்கும், கைக்கே நல்லா தெரியும். அப்புறம் எரிமலையெல்லாம் ஓரமா போச்சு, ஐஸ் போடாம இன்னும் எவ்ளோ ஜில்லுன்னு ஆக்கலாம்னு சாயங்காலம் பூரா அதேதான். (கவர ரொம்ப நேரம் மூடி வச்சா படார்னு வெடிச்சு தெறிக்கும், பாத்ரூம்ல வச்சுப் பண்ணுங்க.)

எனக்கு இந்த கிட்டு மேல இருக்கிற பெரிய குறையே இந்த மேனுவல்தான். தமிழ் இல்ல, இங்கிலீஷும் ஹிந்தியும்தான், அது கூடப் பரவால்ல, நாமளே படிச்சுச் சொல்லிடலாம். ஒவ்வொரு பக்கத்துலயும் செய்முறைக்குப் பக்கத்துலயே என்ன வரும்னு பெரிய கலர் ஃபோட்டோ போட்டுட்டாங்க, கொழந்தை மொதல்ல அதத்தான் பாக்குது, அப்புறம் அவ செய்யறது அந்த ஃபோட்டோ மாதிரி வந்துச்சா இல்லையான்னு பரீட்சை ஆயிடுது. வரலைன்னா மூஞ்சி தொங்கிப் போயிடுது. மேனுவல எடுத்து பீரோ மேல வச்சதுக்கு அப்புறம்தான் “இதுல இதப் போட்டா என்ன ஆகும்”னு அவளே கேக்க ஆரம்பிச்சா.

மேஜிக் பேப்பர்னு பத்து துண்டு குடுத்திருக்காங்க, சோப்புத் தண்ணி பட்டா சிவப்பாகும். மோந்து பாத்தா மஞ்சப்பொடி! எங்க அத்தை அதப் பாத்துட்டு “இதுக்கா காசு குடுத்தீங்க, ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சா செவக்குதே அதேதானடி”ன்னாங்க. அதேதான், மஞ்சள்ல இருக்கிற குர்குமின்ங்கற நிறப்பொருள் மேல காரம் (சோப்பு, சுண்ணாம்பு மாதிரி, அமிலத்துக்கு நேர் எதிர்) பட்டா செவக்கும், எலுமிச்சம்பழம் புழிஞ்சா திரும்ப மஞ்சளாகும். சட்டையில குழம்புக் கறை சோப்பு போட்டதும் செவக்கறதும் இதுதான். வெள்ளப் பேப்பர்ல மஞ்சத் தண்ணி தடவிக் காய வச்சு, பட்ஸால சோப்புத் தண்ணி தொட்டு வரையச் சொல்லுங்க, சுண்ணாம்பு மட்டும் கொழந்தைங்க கையில குடுக்காதீங்க. பால்கனியில சங்குப்பூ இருந்தா இன்னும் ஜோர், சுடுதண்ணியில போட்டா நீலம், எலுமிச்சை விட்டா ஊதா, சோடா உப்பு போட்டா பச்சைப் பக்கம் போகும். இதுக்கு அப்புறம் கிட்டுல வந்த, அமிலமா காரமான்னு கலர்ல காட்டற பிஎச் ஸ்ட்ரிப்ப யாரும் தொடல.

லென்ஸுல ‘10 எக்ஸ்’னு அடிச்சிருக்கு, பச்சைப் பொய். ஜன்னலுக்கு எதிர்ச் செவத்துல லென்ஸ முன்ன பின்ன நகத்தினா வெளிய இருக்கிற மரம் தலைகீழா தெளிவா விழும், அந்த தூரத்த ஸ்கேலால அளந்து 25 சென்டிமீட்டர அதால வகுத்தா எத்தனை மடங்கு பெருசாக்கும்னு தெரிஞ்சிடும். எங்களுது சுமார் பத்து சென்டிமீட்டர்ல விழுந்துச்சு, அப்ப ரெண்டரை மடங்குதான், பத்து மடங்குன்னா ரெண்டரை சென்டிமீட்டர்லயே விழணும். ஆனா அந்தத் தலைகீழ் மரத்தப் பாத்து அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே, அதுக்காகவே லென்ஸுக்கு முழு மார்க். எறும்பு, செம்பருத்தி மகரந்தம், அவ விரல் ரேகைன்னு தினமும் அதத்தான் எடுக்கறா. வெயில் பக்கம் திருப்பக் கூடாதுன்னு மட்டும் கறாரா சொல்லி வையுங்க.

எலுமிச்சம்பழ பேட்டரிக்கு ரெண்டு செட்டு செம்பு, துத்தநாகத் தகடு, ஒரு சிவப்பு எல்ஈடி. ஒரு பழத்துக்கு 0.9 வோல்ட் கிட்டத்தான் வரும், சிவப்பு எல்ஈடிக்கே 1.8 வோல்ட் பக்கம் வேணும், அதனால ரெண்டு பழத்துல எரியுதா இல்லையான்னு கண்ண இடுக்கிப் பாக்கணும். துத்தநாகம் பூசின ஆணியும் கொஞ்சம் செம்புக் கம்பியும் எலக்ட்ரிக் கடையில வாங்கி இன்னும் ரெண்டு பழம் சேத்து லைட்ட அணைச்சோம், எரிஞ்சுது. மூணாவது செட்டும் குடுத்திருந்தா என்ன கெட்டுப் போயிருக்கும்? அந்தப் பழத்த ஜூஸ் போட்டுடாதீங்க, துத்தநாகம் அதுல கரைஞ்சிருக்கும்.

செடி வளர்க்க தேங்காநார் வில்லையும் தக்காளி விதையும் இருக்கு. அஞ்சு வயசுக்கு அவ்ளோ பொறுமை ஏது, ஈரப் பஞ்சுல பச்சைப்பயறு போட்டா ரெண்டு நாள்ல வேர் விட்டுடும். கிட்டுல வந்த பாதுகாப்புக் கண்ணாடி பெரியவங்களுக்கே லூசு.

அஞ்சுக்கு ரெண்டரை குடுக்கலாம், அதுவும் லென்ஸ், டிராப்பர், டெஸ்ட் ட்யூப் ஸ்டாண்டுக்காக. டிராப்பர்ல கலர்த் தண்ணி எடுத்து சொட்டு சொட்டா விடறதுலயே அவளுக்கு அரை நாள் போகுது. வாசிக்கத் தெரிஞ்ச எட்டு வயசுப் பசங்கன்னா தானா பண்ணிக்குவாங்க, அவங்களுக்கு கிஃப்ட்டா குடுக்கலாம். சின்னதுங்களுக்கு லென்ஸும் டிராப்பரும் தனியா வாங்கினாலே போதும். ஐடியா வேணும்னா 2018ல பத்மஸ்ரீ வாங்கின அரவிந்த் குப்தாவோட சைட்ல தூக்கிப் போடற சாமான்லயே பண்ற பொம்மைங்க எக்கச்சக்கமா இலவசமா கிடக்கு. அப்புறம் கிட்டு தீந்ததும் ரீஃபில் பாக்கெட் வாங்கச் சொல்லி மெசேஜ் மேல மெசேஜ் வரும், அத வாங்கிடாதீங்க, உள்ள இருக்கிறது சோடா உப்பும் சிட்ரிக் ஆசிட்டும்தான், ரெண்டுமே தெருமுனை மளிகைக்கடையில கிடைக்கும்.