முகத்திலிருந்து சிவப்பு போய்விட்டது: போலி ஆயில் கலர் டியூப்கள் பற்றி ஓர் எச்சரிக்கை

2024 புரட்டாசியில் நான் வாங்கிய இருபத்தாறு ஆயில் கலர் டியூப்களும் மூன்று பெரிய வெள்ளை டியூப்களும் போலியானவை என்பதை, அவற்றைக் கொண்டு வரைந்த நான்கு உருவப்படங்கள் நான்கு சுவர்களில் ஏறிய பிறகுதான் அறிந்தேன். விற்றவரின் பெயரையோ, டியூப்பின் மேல் அச்சிடப்பட்டிருந்த வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. அதே ஆள் நாளை வேறு பெயரில், வேறு முத்திரையுடன் உங்கள் வாசலுக்கு வரலாம்; அப்போது பெயர் உதவாது, அடையாளங்கள்தாம் உதவும்.

நான் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவன். 2012-இல் தமிழக அரசு 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை நியமித்தபோது மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் ஓவிய ஆசிரியராகச் சேர்ந்தேன். வாரத்துக்கு மூன்று அரை நாள் பள்ளி. ஊதியம் 12,500 ரூபாயாக உயர்ந்த பிறகும் குடும்பத்தை நடத்துவது ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் உருவப்பட வேலையும்தான். உருவப்படம் என்றால் பெரும்பாலும் காலமானவர்களின் படம். ரேஷன் கார்டுக்கு எடுத்த தபால்தலை அளவுப் படத்தையோ, கல்யாண வீட்டுக் கூட்டத்தில் பாதி மறைந்து நிற்கும் முகத்தையோ செல்பேசியில் காட்டி, சட்டையை மட்டும் வெள்ளையாக மாற்றிவிடுங்கள், தாத்தாவுக்கு ஒரு அங்கவஸ்திரம் போட்டுவிடுங்கள் என்று கேட்பார்கள். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் படத்துக்குத் தினமும் மாலை மாற்றி விளக்கேற்றப்போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால், நிறத்தில் மட்டும் சிக்கனம் பார்ப்பதில்லை என்று வைத்திருந்தேன். அந்த ஒரு விதியைத்தான் புரட்டாசியில் மீறினேன்.

விற்றவர் என் பழைய மாணவர் ஒருவரின் அறிமுகத்தில் வந்தார். சென்னையில் ஒரு பெரிய கடை மூடப்படுவதாகவும், அதன் இருப்பைக் கழித்துக்கட்டப் பாதி விலைக்கும் குறைவாகக் கொடுப்பதாகவும் சொன்னார். 37 மி.லி. டியூப் எந்த நிறமானாலும் 350 ரூபாய், 200 மி.லி. வெள்ளை 700 ரூபாய். மொத்தம் 11,200 ரூபாயைச் செல்பேசி வழியாக அனுப்பினேன்; பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்துவிட்டு, ஜி.எஸ்.டி. பில் பின்னால் வரும் என்றார்.

நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டிய முதல் இடம் அந்த ஒரே விலை. நல்ல நிறுவனங்கள் ஆயில் கலரை நிறமியின் (நிறம் தரும் தூளின்) விலைக்கேற்ப வரிசை எண் போட்டுப் பிரித்து விற்கின்றன. காவி மண்ணிலிருந்து வரும் மஞ்சள் ஓக்கரும், துணிக்குப் போடும் நீலத்தூளாகவே நம் வீடுகளில் புழங்கிய அல்ட்ராமரீன் நீலமும் கீழ் வரிசையில் இருக்கும். காட்மியம் சிவப்பு பல மடங்கு விலையில் மேல் வரிசையில் இருக்கும். ஓக்கருக்கும் காட்மியத்துக்கும் ஒரே விலை சொல்பவர் ஒன்று விவரம் தெரியாதவர், அல்லது இரண்டிலும் உண்மையான சரக்கு இல்லாதவர். வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைப் பலமுறை சொல்லிக் கொடுத்தவன் நான். மேல் வரிசை நிறங்கள் பாதி விலைக்குக் கிடைத்த மகிழ்ச்சியில் எனக்கே அது நினைவுக்கு வரவில்லை.

இரண்டாவது அடையாளத்தை மழை மறைத்துவிட்டது. ஆயில் கலர், தண்ணீர் ஆவியாவதுபோல் உலர்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. அம்பர் பழுப்பில் இயற்கையாகவே மாங்கனீசு இருப்பதால் அது மற்ற நிறங்களைவிட விரைவாக இறுகும். ஒன்றிரண்டு நாளில் கை வைக்கலாம். அதனால்தான் அடித்தளத்தை நாங்கள் அம்பரில் தொடங்குகிறோம். இந்த அம்பரோ பத்து நாளாகியும் விரலில் ஒட்டியது. ஐப்பசி அடைமழையில் எதுதான் உலரும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு மேல் பூச்சைத் தொடர்ந்தேன். உலராத எண்ணெயையோ, எண்ணெயைப் போலத் தோன்றும் வேறெதையோ கலந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் வரவே இல்லை.

நான்கு படங்களில் முதலாவது, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் காலமான ஒரு பெரியவருடையது. தை மாதத் தலைத்திவசத்துக்கு முன்பாக வேண்டும் என்று அவருடைய மகள் கேட்டிருந்தார். மாநிறமான, வெற்றிலை போட்டுச் சிவந்த உதடுகள் கொண்ட முகம். நம்மவர்களின் தோலுக்கு நான் எரித்த சியன்னா என்ற செம்பழுப்பு, ஓக்கர், கிரிம்சன் என்ற ஆழ்ந்த சிவப்பு, சிறிது அல்ட்ராமரீன், மிகக் கொஞ்சம் வெள்ளை என்று கலப்பது வழக்கம். கன்னத்திலும் காது மடலிலும் மூக்கு நுனியிலும் கிரிம்சன் கூடுதலாக நிற்கும். அதுதான் தோலுக்கு அடியில் இரத்தம் ஓடுகிறது என்ற உணர்வைத் தருவது. படம் நன்றாக வந்தது. அவருடைய மனைவி அதைப் பார்த்துச் சற்று நேரம் பேசாமல் நின்றார். எனக்குக் கூலி அன்றே கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழு மாதம் கழித்து, 2025 ஆவணியில் மகள் தொலைபேசியில் அழைத்தார். "மாஸ்டர், தப்பா நினைச்சுக்காதீங்க. அப்பா முகம் என்னமோ மாதிரி ஆயிட்டு வருது. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போறீங்களா?" என்றார். போனேன். கூடத்தில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தார்கள். கிரிம்சன் அறவே போய்விட்டிருந்தது. சிவப்பு விலகிவிட்டால் அந்தக் கலவையில் மிஞ்சுவது மஞ்சளும் பழுப்பும் நீலமும்தான். ஓக்கரும் நீலமும் சேர்ந்தால் மங்கிய பச்சை. முகம் முழுவதும் அந்தப் பச்சை படர்ந்திருந்தது. உதடுகள் சாம்பல் நிறம். அவர் மஞ்சள் காமாலையில் இறந்தவர் என்பது எனக்கு அதுவரை தெரியாது. "ஆஸ்பத்திரியில கடைசி வாரம் இப்படித்தான் இருந்தார் மாஸ்டர், அதனால அம்மா இப்ப கூடத்துக்கே வரதில்ல" என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார்.

அன்றிரவே சோதனையைத் தொடங்கினேன். தடித்த வெள்ளை அட்டையில் ஒவ்வொரு நிறத்தையும் ஒரு பட்டை கெட்டியாகவும், பக்கத்தில் வெள்ளை கலந்து வெளிறலாக ஒரு பட்டையும் பூசி, பாதியை அலுமினியத் தாளால் மறைத்து, மாடி ஜன்னலில் ஒட்டினேன். ஒப்பிட்டுப் பார்க்க, பழைய கடையில் பில்லுடன் வாங்கிய பழைய டியூப்களிலிருந்தும் அதேபோல் ஓர் அட்டை. ஐந்து வாரத்தில் போலிக் கிரிம்சனின் வெளிறல் பட்டை ஏறக்குறைய அட்டையின் நிறத்துக்கே வந்துவிட்டது. காட்மியம் சிவப்பு என்று எழுதியிருந்தது காவி கலந்த ரோஜா நிறமாக வெளுத்தது. ஓக்கரும் நீலமும் அப்படியே இருந்தன. அவை மலிவானவை, போலியாக்கி என்ன இலாபம்? பழைய டியூப்களின் அட்டையில் தாளை நீக்கினால் எது மறைந்த பாதி, எது வெயில் பட்ட பாதி என்று எனக்கே தெரியவில்லை.

சிவப்பு வெளுப்பது புதிய கதை அன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டனில் உருவப்படத்துக்குப் பெயர்பெற்ற ஜோஷுவா ரெனால்ட்ஸ் நிலையற்ற சிவப்புச் சாயங்களை முகத்துக்குப் பயன்படுத்தியதால், அவர் வாழ்ந்த காலத்திலேயே அவருடைய படங்களில் முகங்கள் வெளுத்தன. உண்மையான அலிசரின் கிரிம்சன்கூட வெள்ளை கலந்தால் நாளடைவில் மங்கும் இயல்புடையது. அதனால்தான் நான் சில ஆண்டுகளாக குவினாக்ரிடோன் என்ற நிலைத்த நிறமியால் ஆன கிரிம்சனை வாங்குகிறேன். இந்த டியூப்பிலும் அந்தப் பெயர்தான் இருந்தது; உள்ளே இருந்தது ஏதோ சாயம். நிறமி எண்ணெயில் கரையாது, துகளாகவே நிற்கும். சாயமோ கரையும். உலர்ந்ததாகத் தோன்றிய பட்டையின் மேல் வெள்ளை பூசிப் பார்த்தபோது மறுநாள் காலை அந்த வெள்ளை இளஞ்சிவப்பாகியிருந்தது. ஆயில் கலரைக் கரைக்கும் டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்தபோது துணியில் ரோஸ் மிட்டாய் நிறம் ஏறியது. இந்த இரண்டு சோதனைகளுக்கும் ஒரு நாள் போதும், புரட்டாசியிலேயே செய்திருக்கலாம்.

டியூப்பிலேயே தெரிந்த சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். நல்ல டியூப்பில் நிறத்தின் விளம்பரப் பெயரோடு நிறமியின் குறியீடும் இருக்கும்: காட்மியம் சிவப்பானால் பி.ஆர்.108, டைட்டானியம் வெள்ளையானால் பி.டபிள்யூ.6, குவினாக்ரிடோன் கிரிம்சனானால் பெரும்பாலும் பி.வி.19. என்னிடம் உள்ளவற்றில் பாதிக்கு மேல் குறியீடே இல்லை. காட்மியத்தில் இருந்தது டைட்டானியம் வெள்ளையின் குறியீடு. இருபத்தாறு டியூப்களிலும் ஒரே தொகுதி எண் (பேட்ச் எண்). காட்மியம் கனமான நிறமி. அதே அளவு டியூப்பைக் கையில் தூக்கினால் எடை வேறுபாடு தெரியும். இவை எல்லாம் ஒரே எடை, தராசில் வைத்தும் பார்த்தேன். "ஹ்யூ" என்ற சொல் பெயருக்குப் பின்னால் இருந்தால் அது மாற்று நிறமி என்று நிறுவனமே நேர்மையாகச் சொல்வதாகும். அதைப் போலி என்று எண்ணி ஒதுக்க வேண்டாம்.

விற்றவரை அழைத்தபோது முதல் நாள், "சார், நீங்க வெயில் படுற இடத்துல மாட்டியிருப்பீங்க" என்றார். இரண்டாம் நாள் கம்பெனியில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மூன்றாம் நாளிலிருந்து அந்த எண் கிடைக்கவில்லை. அறிமுகம் செய்த மாணவரும் அவரிடம் எட்டாயிரம் ரூபாய்க்கு வாங்கி ஏமாந்தவர் என்பது பிறகு தெரிந்ததால், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்தேன். முதலில் பில் உண்டா என்றுதான் கேட்டார்கள். தொழிலுக்காக வாங்கியதால் நான் நுகர்வோர் ஆகமாட்டேன் என்று நண்பர் ஒருவர் சொன்னது தவறு. சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கும் பொருள் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வணிக நோக்கமாகக் கருதப்படாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து இலட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். பணம் அனுப்பிய பதிவு, துண்டுச் சீட்டு, வெளுத்த அட்டை, பெரியவர் படத்தின் முன்னும் பின்னுமான புகைப்படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. எதிர்மனுதாரரின் முகவரி என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. என்னைப்போல் துண்டுச் சீட்டோடு திருப்தியடைந்துவிடாதீர்கள்.

படங்களைப் பொறுத்தவரை, வெளுத்த இடத்தில் நல்ல கிரிம்சனை மெல்லப் பூசிச் சரிசெய்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அடியில் இருப்பது இறுகாத பூச்சு. அதன்மேல் இறுகும் பூச்சைப் போட்டால் ஓரிரு ஆண்டில் வெடிப்பு விழும். ஆகவே கூலி வாங்காமல் நான்கையும் புதிய கான்வாஸில் மறுபடி வரைவதென்று முடிவு செய்தேன். வகுப்பில் ஆறு பிள்ளைகளுக்கு அடக்க விலைக்கே கொடுத்திருந்த டியூப்களுக்கும் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டேன். பெரியவரின் படத்துக்கு மூன்று வாரம் ஆயிற்று. புதிய படத்தைக் கொண்டுபோனபோது அந்த அம்மா கூடத்துக்கு வந்து பார்த்தார். பழையதை என்ன செய்வீர்கள் என்று மகள் கேட்டார். அவர் முகத்தைக் கிழித்துப் போட எனக்கு மனம் வரவில்லை என்றேன். அது இப்போது என் அறையில் சுவரைப் பார்த்தபடி சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

மூன்று படங்கள் மாற்றியாயிற்று. நான்காவது, ஒரு பள்ளியின் கூட்ட அரங்கில் மாட்டியிருக்கும் முன்னாள் தலைமையாசிரியரின் படம். அரையாண்டுத் தேர்வு முடிந்துதான் இறக்கித் தர முடியும் என்றிருக்கிறார்கள். மிச்சமிருக்கும் பதினேழு டியூப்களும் சோதனை அட்டைகளும் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. கும்பகோணம் பக்கம் ஓவியம் கற்பிப்பவர்களில் அவற்றைக் கையில் எடுத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு காலை வகுப்பு நேரத்தில் தாராளமாக வரலாம்.