முத்தும் கம்பியும்: தொடங்குவோருக்கான நகைப் பெட்டி எப்படி?

வீட்டிலேயே முத்துத் தோடு செய்து பழக விரும்புவோருக்கென இணையத்தில் விற்கப்படும் இந்தப் பெட்டியில் நன்னீர் முத்துகள், பொன்முலாம் பூசிய இரண்டு செம்புக் கம்பிச் சுருள்கள், வட்டமூக்குக் குறடு, வெட்டுக் குறடு, தோட்டுக் கொக்கிகள் ஆகியவை உள்ளன. முத்துகள் அசலானவையே, ஒன்றோடொன்று உரசும்போது வழுக்காமல் நறநறவென்று இருப்பதே அதற்குச் சான்று.

குறை கம்பியில்தான். சுருள்களில் ஒன்றான 20 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) கம்பியின் தடிமன் 0.8 மி.மீ.; நன்னீர் முத்தின் துளை பெரும்பாலும் அதைவிடக் குறுகலாக இருப்பதால், அது உள்ளே நுழைய மறுக்கிறது. 26 கேஜ் கம்பி (0.4 மி.மீ.) தாராளமாக நுழைந்தாலும், அதில் திருகிய வளையம் சற்று இழுத்தாலே வாயைப் பிளந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள 24 கேஜ் சுருள் ஒன்றைத் தனியே வாங்கிக்கொள்வதே உத்தமம். அதைக்கூட வைக்காமல் பளபளப்பான அட்டைப்பெட்டிக்குச் செலவழித்திருக்கிறார்கள்.

வட்டமூக்குக் குறடு நன்றாகவே இருக்கிறது. அதன் மூக்கு நுனியை நோக்கிச் சிறுத்துச் செல்வதால், ஓரிடத்தில் மையால் கோடிட்டுக்கொண்டு எப்போதும் அங்கேயே கம்பியை வளைத்தால், இரு தோடுகளின் வளையங்களும் ஒரே அளவில் அமையும். ஆனால், வளையத்தைப் பிடித்துக்கொண்டு அதன் அடியிலுள்ள கழுத்துப் பகுதியில் கம்பியைச் சுற்றி முடிக்கத் தேவையான தட்டைமூக்குக் குறடு இதில் இல்லை. செய்முறைத் தாளின் படங்கள் தெளிவானவை. முத்தின் மேல் வாசனைத் திரவியம் படக்கூடாது என்ற எச்சரிக்கையையும் சேர்த்திருக்கலாம்.