பழைய லேலண்ட் லாரிக்கு புது பாட்டு செட்டு, ரிங் ரோட்டு வயரிங் கடை எப்படி

மதுரையில மாட்டுத்தாவணி தாண்டி ரிங் ரோட்டுல லாரி பட்டறைக வரிசையா இருக்குல்ல, அதுல போர்டு கூட இல்லாம தகர ஷெட்டு போட்ட ஒரு வயரிங் கடை, அங்க தான் எங்க அப்பா காலத்து லேலண்ட் காமெட்டுக்கு செட்டு போட்டேன். மொதல்லயே சொல்லிர்றேன், வேலை சுத்தம், ஆனா அவசரக்காரங்களுக்கு ஆகாது. சாயங்காலம் எடுத்துக்கலாம்னு தான் சொல்லுவாய்ங்க, மறுநாள்னு நீங்களே மனசுல வச்சுக்கங்க.

கார் ஆக்சசரீஸ் கடையில போட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. பைபாஸ் ரோட்டுல ஏறி எறங்கிப் பாத்துட்டேன், எல்லாரும் எந்த மாடல்ணே, டேஷ்போர்டுல செட்டு உக்கார்ற ஃப்ரேம் அதுக்கு இருக்கான்னு பாக்கணும்னு தான் ஆரம்பிக்கிறாய்ங்க. இதுக்கு ஏதுப்பா ஃப்ரேம், அந்தக் காலத்துல கம்பெனி குடுத்தது சேஸும் கவுலுங்கிற முன்பக்க முகப்பும் மட்டும், கேபின் பூரா திருச்செங்கோட்டுல மரமும் தகரமுமா அடிச்சது, ஒரு வண்டி மாதிரி இன்னொரு வண்டி இருக்கவே இருக்காது.

அதுக்கும் மேல வோல்ட் பிரச்சனை. கார் செட்டு எல்லாமே 12 வோல்ட், நம்ம வண்டியில ரெண்டு 12 வோல்ட் பேட்டரிய சீரிஸ்ல (ஒண்ணு பின்னாடி ஒண்ணா) போட்டு 24, ஓடும்போது ஆல்டர்னேட்டர் 28 வரைக்கும் தள்ளும், நேரா குடுத்தா புகை தான். முந்தி ஒரு எலக்ட்ரீசியன் (எந்த ஊருன்னு வேணாம்) சுளுவா ஒரே ஒரு பேட்டரியிலருந்து லைன் எடுத்து பழைய செட்டுக்கு குடுத்துட்டாரு. பாட்டு என்னமோ பாடுச்சு. ஆனா சார்ஜ் ரெண்டு பேட்டரிக்கும் ஒண்ணா போகுது, கரண்ட்ட ஒண்ணுலருந்து மட்டும் உறிஞ்சுறோம், அதனால அது எப்பவும் அரை சார்ஜுலயே கெடக்கு, இன்னொண்ணு ஓவர் சார்ஜாகி தண்ணி கொதிச்சு வத்திப்போகுது, கடைசில ரெண்டையும் சேத்து மாத்துனோம். பழைய லாரி, பஸ் வச்சிருக்கவங்க உங்க வண்டியிலயும் இப்படி எடுத்திருக்கான்னு இன்னைக்கே சீட்டத் தூக்கிப் பாருங்க.

இந்தக் கடை அண்ணே போன உடனே செட்டப் பத்திப் பேசவே இல்ல, கன்வர்ட்டர் எது போடப்போறோம்னு தான் மொதல்ல கேட்டாரு. 24லருந்து 12க்கு எறக்குற 10 ஆம்பியர் கன்வர்ட்டர், ரெண்டு பக்கமும் ஃப்யூஸ். அங்கயே எனக்கு நம்பிக்கை வந்துருச்சு.

அடுத்தது டேஷ்போர்டு வெட்டுறது. சிங்கிள் டின்னுங்கிற சாதா அளவு செட்டுக்கு ஓட்டை 182க்கு 53 மில்லிமீட்டர், கிளீனர் பக்கம் தகரம் மட்டமா இருந்த எடத்துல போடலாம்னு முடிவாச்சு. கிரைண்டர எடுத்து சர்ருன்னு விட்டுருவாருன்னு பயந்துட்டே நின்னேன், ஆனா மனுஷன் மொதல்ல பேட்டரி டெர்மினல கழட்டுனாரு, அப்புறம் கீழ மல்லாக்கப் படுத்து டார்ச் அடிச்சு பின்னாடி என்ன ஓடுதுன்னு பாத்தாரு. பிரேக் ஏர் பிரஷர் மீட்டருக்கு வர்ற சின்ன டியூப் சரியா அந்த எடத்துக்குப் பின்னாடி தான் போகுது, பாக்காம வெட்டியிருந்தா ஏர் பூரா வெளிய. டியூப ஒதுக்கிக் கட்டி, நாலு மூலையிலயும் ட்ரில் போட்டு, ஜிக்சாவுல வெட்டி, ஓரத்த அரம் போட்டு ராவி, ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடிச்சுட்டு தான் செட்டு உக்கார்ற தகரக் கூடு, அந்த ஸ்லீவ உள்ள தள்ளுனாரு. செட்டோட முதுகுல ஒரு போல்ட் இருக்கும் பாத்திருக்கீங்களா, கார்ல கூட பாதிப் பேரு அத விட்டுருவாய்ங்க, இவரு அதுக்கு ஒரு பட்டி அடிச்சு பாடியோட முறுக்கிட்டாரு. காமெட்டு ஐடிலிங்ல ஆடுற ஆட்டத்துக்கு அது இல்லன்னா செட்டு மடியில வந்து விழும்.

ஸ்பீக்கர் தலைக்கு மேல சாமி படம் வைக்கிற பலகையில, ஓவல் ரெண்டு. கதவுல போட்டா மழைத்தண்ணி எறங்கும்னு அவரே வேணாம்னுட்டாரு. ஸ்பீக்கர் மைனஸ பாடி எர்த்துல குடுக்காம தனித்தனி வயரா இழுத்தாரு, இப்ப வர்ற செட்டுல பாடில குடுத்தா சத்தத்தக் கூட்டுற ஆம்ப்ளிஃபயர் சிப்பு போயிரும். டப்பாவுல 50 வாட் இன்ட்டு 4ன்னு போட்டிருக்கான், அத நம்பாதீங்க, நெசத்துல ஒரு ஸ்பீக்கருக்கு 20 வந்தாலே பெருசு. இஞ்சின் பக்கத்துலயே உக்காந்து கத்துற கேபின்ல பேஸ் கூட்டி பிரயோஜனமும் இல்ல, வோக்கல் தெளிவா இருந்தா போதும், அது நல்லாவே இருக்கு. புளூடூத்து, பென்டிரைவ்ல குறையே இல்ல.

குறைன்னு பாத்தா, எஃப்எம்மு. கன்வர்ட்டர செட்டுக்குப் பின்னாடியே சொருகி வச்சதுல கொடைக்கானல் 100.5 வச்சா ஒரே இரைச்சல், எங்க வீட்டுல காலையில அது இல்லாம ஒண்ணும் ஓடாது. திரும்ப கொண்டுபோனதுக்கு மூஞ்ச சுளிக்காம கன்வர்ட்டர பேட்டரி பெட்டி பக்கம் மாத்தி, வயருல இரைச்சல அடக்குற ஃபெரைட் வளையம் மாட்டி, ஆன்டெனா அடியில பெயின்ட்ட சுரண்டி நல்ல எர்த்து குடுத்தாரு. இப்ப மேலூர் தாண்டியும் கேக்குது, இரைச்சல் பூராவும் போகல, லேசா இருக்கு.

டிஸ்ப்ளே நீல லைட்டு ராத்திரில கண்ணாடில அடிக்குது, இந்த வெலைக்கு டிம்மர் கெடையாது, சன் ஃபிலிம் துண்டு ஒண்ணு ஒட்டியிருக்கேன். வண்டி நிக்கும்போது பேட்டரி எறங்கக்கூடாதுன்னு கன்வர்ட்டருக்கே தனி சுவிட்ச் வச்சதால கடிகாரம் ஒவ்வொரு தடவையும் 12:00ல வந்து நிக்கும்.

செட்டு 2,200, கன்வர்ட்டர் 1,300, ஸ்பீக்கர் 1,800, கூலி 1,500. கூலி சாஸ்தின்னு மச்சான் சொன்னான், எனக்குத் தோணல. பில்லு மட்டும் கேட்டா துண்டுச்சீட்டுல எழுதித் தர்றாய்ங்க, அதனால செட்டு, கன்வர்ட்டர் வாரண்டி கார்டுல கடை சீல் வாங்காம வண்டிய எடுக்காதீங்க.