சேலம் மாம்பழம் சென்னைக்கு: லாரி பார்சலா, பயணிகள் ரயிலா?

மே மாதம் வந்தால் சென்னையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு மல்கோவாவும் இமாம் பசந்தும் போயாக வேண்டும். பல வருடம் லாரி பார்சலில்தான் அனுப்பினேன். இப்போது இரண்டு சீசனாக ரயில். நான் ரயில் பக்கம்தான்.

சரக்கு ரயில் பேச்சே வேண்டாம், அது வேகன் கணக்கில் ஏற்றுபவர்களுக்கு. மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுபோகும் வண்டி, பயணிகள் ரயிலுக்கு வழிவிட்டு லூப் லைனில் (ஒதுங்கி நிற்கும் பக்கத் தண்டவாளத்தில்) நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் சரக்கு பயணிகள் ரயிலில், கார்டு அறையோடு சாமான் அறையும் சேர்ந்த எஸ்.எல்.ஆர். பெட்டியில் ஏறிவிட்டால், மனிதர்களுக்குக் கிடைக்கும் வழி பழத்துக்கும் கிடைத்துவிடுகிறது. ஒரு சாமான் அறையில் சுமார் 4 டன் ஏற்றலாம்.

லாரியில் வீட்டு வாசல் வரை கொண்டுபோய்க் கொடுப்பார்கள், அது பெரிய வசதி. ஆனால் புக்கிங் ஆபீஸ், குடோன், லாரி, மறுபடி குடோன், அப்புறம் ஒரு சின்ன வண்டி என்று பெட்டி கை மாறிக்கொண்டே போகும். ஒரு வருடம் ஆறு பெட்டியில் இரண்டு நசுங்கிப் போய்ச் சேர்ந்தன. அக்கா அதைச் சொல்லவே இல்லை. மாமா சொல்லித்தான் தெரியும்.

ரயில் என்று முடிவு செய்தால் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வண்டி எங்கே கிளம்புகிறது? கோவையிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வருபவை சேலம் ஜங்ஷனில் சில நிமிடம்தான் நிற்கும். அதற்குள் இறக்கி ஏற்ற வேண்டும். அறை ஏற்கெனவே நிரம்பியிருந்தால் நம் பெட்டி பிளாட்பாரத்திலேயே கிடக்கும். நம் மாம்பழத்துக்காக ஒரு ரயில் நிறையப் பயணிகளைக் காக்க வைக்க முடியாது, அது நியாயமும் இல்லை. ஆத்தூர், விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகும் இரவு வண்டி சேலத்திலேயே கிளம்புவது. காலி அறை, அவசரமில்லாமல் ஏற்றலாம். என் பெட்டிகள் இரண்டு முறையும் அதில்தான் போயின, ஒன்றும் நசுங்கவில்லை. பைக் போன்ற கனமான சாமான் நான் அனுப்பியதில்லை, அதற்கு என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சாயங்காலமே சேலம் ஜங்ஷன் இருக்கும் சூரமங்கலம் போய்விடுங்கள். எடை போட்டு ரசீது வாங்க நேரமாகும். பெட்டியில் முகவரியும் போன் நம்பரும் பெரிதாக எழுதுங்கள். எழும்பூரில் இறக்கிய 6 மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் வார்ஃபேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். மாமா விடிகாலையில் போய் எடுத்துவிடுகிறார். அவர் ஊரில் இல்லாத வருடம் எனக்கும் லாரிதான்.