எச்சரிக்கை: ‘ஜெட் மாற்றித் தருகிறோம்’ என்று 85,000 ரூபா வாங்கிய கராஜ்

கொழும்பில் டூ-ஸ்ட்ரோக் குவாட் (நாலு சக்கர மோட்டார் சைக்கிள்) வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுமையாக வாசியுங்கள். வெளிச்சந்தைச் சைலன்சர் ஒன்றைப் பூட்டி, அதற்கேற்ற ஜெட்டுகளையும் (பெற்றோலை அளந்து விடும் சிறு துளைத் திருகுகள்) போட்டுத் தருவதாகச் சொல்லி என்னிடம் 85,000 ரூபா வாங்கிய கராஜ் ஒன்று, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரின் மெயின் ஜெட்டைத் தொடவே இல்லை. என் யமஹா பிளாஸ்டர் குவாட்டின் பிஸ்டன் இப்போது உருகிய விளிம்போடு என் மேசையில் கிடக்கிறது. பந்தய மோட்டார் சைக்கிள்களைத் திருத்துவதாக இணையத்தில் விளம்பரம் செய்யும் இடம் அது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சர் என்பது புகை போகும் குழாய் மட்டுமல்ல. அதன் விரிந்து குறுகும் வயிற்றில் மோதித் திரும்பும் அழுத்த அலைதான், வெளியே நழுவப் பார்க்கும் புதிய பெற்றோல்-காற்றுக் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அந்த வடிவம் மாறினால் உயர் சுழற்சியில் என்ஜின் இழுக்கும் காற்று கூடும். பெற்றோலும் சேர்ந்து கூடாவிட்டால் கலவை மெலிந்து, சூடேறி, பிஸ்டனை அழித்துவிடும். 195 சிசி கொண்ட இந்த என்ஜினைக் குளிர்விக்கக் காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. இவ்வளவையும் வாயால் எடுத்துச் சொல்லித்தான் வேலையைக் கொடுத்தேன். அவர்களோ, காற்று நன்றாக வரட்டும் என்று காற்று வடிகட்டிப் பெட்டியின் மூடியையும் கழற்றி எறிந்திருந்தார்கள். அது கலவையை இன்னும் மெலிய வைத்தது.

நான் நம்பிய அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. கராஜ்காரர் என் கண்முன்னே என்ஜினை இயக்கி, நின்ற இடத்திலேயே சிறிது திரொட்டில் (அக்சலரேட்டர்) கொடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் கையில் வைத்தார். “பாருங்க அண்ணே, சொக்லட் கலர். இதுக்கு மேல என்ன வேணும்?” என்றார். கலவை சரியாக இருந்தால் பிளக்கின் நுனி அந்த நிறத்தில் இருக்கும் என்பது கணக்கு. பற்றுச்சீட்டிலும் ‘ஜெட் செற்’ என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார். ஆனால் அது பழைய பிளக். அதன் நிறம் பழைய ஓட்டத்தின் நிறம். நின்ற இடத்தில் இயங்கும்போது பெற்றோல் கொடுப்பது பைலட் ஜெட். மெயின் ஜெட்டின் ஆட்சி திரொட்டில் முக்கால் பங்கைத் தாண்டிய பிறகுதான் வரும். ஆகவே அவர் காட்டிய நிறம் எதற்கும் சான்றல்ல.

நீர்கொழும்புக்கு அப்பால் ஒரு தென்னந்தோட்டத்து மணல் பாதையில் முழுத் திரொட்டில் கொடுத்தபோது என்ஜின் ஒரேயடியாக இறுகி, பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. வேறொரு மெக்கானிக் காபரேட்டரின் அடியில் பெற்றோல் தங்கும் கிண்ணத்தைக் கழற்றினார். உள்ளே இருந்தது, கைநூலில் உள்ள அதே எண் பொறித்த, தொழிற்சாலையிலிருந்து வந்த அதே ஜெட். பிஸ்டன் உருகியிருந்ததும் புகை வெளியேறும் பக்கத்தில்தான்.

உடனே கராஜுக்கு அழைத்தேன். “நீங்க எண்ணெய் பிழையாக் கலந்திருப்பீங்க” என்றார்கள். சில டூ-ஸ்ட்ரோக்குகளில் எண்ணெயைப் பெற்றோலில் நாமே கலக்க வேண்டும், ஆனால் பிளாஸ்டருக்கு எண்ணெய் தனித் தாங்கியிலிருந்து பம்ப் வழியாகவே போகிறது. தாங்கியில் போதிய எண்ணெயும் இருந்தது. இதைக்கூட அறியாதவர்களிடமா என் 85,000 ரூபா போனது? அடுத்து, முதலாளி வெளியூரில் என்றார்கள். அதற்கடுத்து, டூ-ஸ்ட்ரோக்குக்கு உத்தரவாதம் கிடையாது என்றார்கள். ஜெட்டின் படத்தையும் பற்றுச்சீட்டையும் அனுப்பினேன். பார்த்ததற்கான அடையாளம் விழுந்தது, பதில் வரவில்லை. இப்போது என் அழைப்புகளையே எடுப்பதில்லை. கொடுத்த 85,000 ரூபா போக, சிலிண்டரை உள்ளே கடைதல், புதிய பிஸ்டன் என்று செலவு வேறு காத்திருக்கிறது.

அவசரமாகச் சில விடயங்கள். காசு கொடுக்கும் முன் கிண்ணத்தைக் கழற்றச் சொல்லி, ஜெட்டில் பொறித்த எண்ணை உங்கள் கண்ணால் பாருங்கள். கழற்றிய பழைய ஜெட்டைக் கேட்டு வாங்குங்கள். பெரிய ஜெட்டில் தொடங்கிப் படிப்படியாகக் குறைக்க வேண்டுமே தவிர, சிறியதில் தொடங்கவே கூடாது. புதிய பிளக் போட்டு, சூடான என்ஜினில் முழுத் திரொட்டில் ஓடி, அப்படியே என்ஜினை நிறுத்தி கிளச்சைப் பிடித்த பிறகு பார்த்தால் மட்டுமே நிறம் உண்மை சொல்லும். வெள்ளையாக இருந்தால் கலவை மெலிந்திருக்கிறது, மேலும் ஓடாதீர்கள். காற்று ஐதான நுவரெலியா உயரத்தில் சரிசெய்த வண்டியைக் கொழும்புக்கு இறக்கினால் கலவை மெலியும் என்பதையும் கவனியுங்கள். பற்றுச்சீட்டில் ஜெட் எண்ணையும் எழுதி வாங்குங்கள். நான் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடப் போகிறேன். அவர்களின் இலக்கம் 1977.