கரிமமா, கனிமமா? வேதியியலில் மேற்படிப்புக்கு முன் ஓர் அலசல்

வேதியியலில் இளநிலை முடித்துவிட்டு, அடுத்து எந்தப் பிரிவு என்று யோசிப்பவர்களில் பலர் பள்ளி நினைவை வைத்தே முடிவெடுக்கிறார்கள். கார்பன் சேர்மங்களைப் பற்றிய கரிமம் புரிந்து படிக்கிற பாடம், உலோகங்கள் உள்ளிட்ட மற்றவற்றைப் பற்றிய கனிமம் மனப்பாடப் பாடம், அவ்வளவுதான். இந்தக் காரணத்துக்காக ஒருவர் கனிம வேதியியலை ஒதுக்கினால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அவர் ஒதுக்குவது அந்தத் துறையை அல்ல, தேர்வுக்காக அதைச் சுருக்கிய விதத்தைத்தான்.

மயில்துத்தம் (தாமிர சல்பேட்) நீலம், சூடாக்கினால் வெள்ளை. பள்ளியில் இதை ஒப்பித்தோம். மேல்படிப்பில் கேள்வியே வேறு: ஏன்? தாமிர அயனியைச் சூழ்ந்திருந்த நீர் மூலக்கூறுகள் வெளியேறியதும் அதன் எலக்ட்ரான்கள் இருக்கும் டி ஆர்பிட்டால்களின் ஆற்றல் இடைவெளி குறைகிறது. உறிஞ்சப்படும் ஒளி அகச்சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடுவதால் கண்ணுக்கு நிறம் தெரிவதில்லை. இப்படி ஒரு காரணம் பிடிபட்டால், நூறு சேர்மங்களின் நிறத்தை உருப்போட வேண்டியதில்லை.

வேதியியலாளர் ஆல்ஃபிரட் வெர்னர் செய்ததும் இதைத்தான். கோபால்ட் குளோரைடு அம்மோனியாவோடு சேர்ந்து தரும் சேர்மங்கள் அன்றைக்குப் பெரிய புதிர். மூன்று சேர்மங்களிலும் மூன்று குளோரின்தான். ஆனால் சில்வர் நைட்ரேட்டைச் சேர்த்தால் ஒன்றில் மூன்றும் வீழ்படிவாகும், இன்னொன்றில் இரண்டு, மற்றொன்றில் ஒன்றே ஒன்று. வீழ்படிவாக வராத குளோரின் உலோகத்தோடு நேரடியாகப் பிணைந்திருக்கிறது, இந்தச் சேர்மங்களில் கோபால்ட்டைச் சுற்றி எப்போதும் ஆறு இடங்கள் என்று 1893-இல் அவர் சொன்னபோது வயது 26. 1913-இல் நோபல் பரிசு. மறு ஆண்டே, கார்பனே இல்லாத ஒரு கோபால்ட் சேர்மத்தை ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இடக்கை, வலக்கை வடிவங்களாகப் பிரித்துக் காட்டினார். அத்தகைய வடிவ வேறுபாடு கார்பனுக்கே உரியது என்ற எண்ணம் அதோடு முடிந்தது.

சரி, கரிமத்தின் பலம் என்ன? தர்க்கத்தின் ஒழுங்கு. சில தனிமங்கள், சில வினைக்குழுக்கள், எலக்ட்ரான் நகர்வைக் காட்டும் அம்புக்குறிகள். இவை கைவந்துவிட்டால் பார்த்தே இராத மூலக்கூறையும் எப்படித் தயாரிப்பது என்று திட்டமிடலாம். அன்றாட வேலையும் தெளிவானது: வினை, பிரித்தல், தூய்மையாக்கல், பிறகு மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். சோதனை. மாலைக்குள் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும்.

கனிமத்தில் அந்த வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. இணையில்லா எலக்ட்ரான் உள்ள உலோகம் என்றால் என்.எம்.ஆர். கோடுகள் அகன்று குழம்பிப் போகும். அப்போது படிகம் வளர்த்து எக்ஸ் கதிரில் வைக்க வேண்டும். அந்தப் படிகத்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்கவும் நேரும். காற்று பட்டாலே கெட்டுப்போகும் சேர்மங்களை, காற்று புகாத பெட்டியான க்ளவ்பாக்ஸுக்குள் தடித்த கையுறையோடு கையாள வேண்டும். திண்மநிலைப் பக்கம் போனால் அரைப்பது, உலையில் சுடுவது, மறுபடி அரைப்பது. சமச்சீர், குழுக் கோட்பாடு என்று கணிதமும் கூடவே வரும். அது அறவே பிடிக்காதவர் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கட்டும்.

வேலை என்று வந்தால் கரிமத்துக்குத் தெளிவான முன்னிலை உண்டு. மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம், வாசனைப் பொருள் ஆகிய தொழில்களுக்கு மூலக்கூறு தயாரிப்பவர் நேரடியாகத் தேவை. புது மருந்து கண்டுபிடிப்பதுதான் கனவு என்றால் தயங்காமல் கரிமம் எடுங்கள். 1978-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிளாட்டின மருந்தான சிஸ்பிளாட்டின் புற்றுநோய்ச் சிகிச்சையையே மாற்றியது உண்மை. ஆனாலும் உலோக மருந்துகள் எண்ணிக்கையில் குறைவு.

கனிமம் படித்தவருக்கு வரும் சிக்கல் வேறு மாதிரியானது. வேலை இருக்கும், அதன் பெயரில் 'கனிமம்' இருக்காது. பேட்டரி, வினையூக்கி, செராமிக், கண்ணாடி, சிமென்ட், நிறமி, குறைகடத்தி, நீர்ச் சுத்திகரிப்பு, பழைய பேட்டரியிலிருந்து உலோகம் மீட்பது. எல்லாமே இந்தத் துறையின் வேலைதான். லித்தியம் கோபால்ட் ஆக்ஸைடை 1980-இல் மின்வாயாகப் பயன்படுத்திக் காட்டிய விஞ்ஞானி ஜான் குடினஃப், 2019-இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். இன்று நம் கைப்பேசிக்குள் இருப்பது அந்த வழியில் வந்த பேட்டரிதான். உரத்துக்கான அம்மோனியாவும் இரும்பு வினையூக்கியின் மேல்தான் உருவாகிறது. ஆகவே வேலை தேடும்போது துறைப் பெயரைத் தட்டச்சு செய்யாதீர்கள். பொருளின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

அப்புறம், இரண்டையும் விட மனமில்லாதவர்களுக்கு, உலோகமும் கார்பனும் பிணைந்த சேர்மங்களைப் படிக்கும் கரிம உலோக வேதியியல் இருக்கிறது. மருந்துத் தொழிலில் கார்பனையும் கார்பனையும் இணைக்கப் பல்லேடியத்தைத்தான் நாடுகிறார்கள். அதற்கான முறைகளுக்கு 2010-இல் நோபல் கிடைத்தது. 2025-இன் வேதியியல் நோபலும் உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் கோத்த நுண்துளைக் கட்டமைப்புகளுக்கே போனது. என்னைக் கேட்டால், குழப்பத்தில் இருப்பவருக்கு இதுவே நல்ல இடம். ஒரு கதவு அடைபட்டாலும் இன்னொன்று திறந்திருக்கும்.

எதை எடுத்தாலும், சேர்வதற்கு முன் அந்த ஆய்வகத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். என்னென்ன கருவிகளை மாணவர்களே இயக்குகிறார்கள், முடித்துப் போனவர்கள் இன்று என்ன பெயருள்ள வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.