வீடு கட்ட ரோர்க்கா, கீட்டிங்கா?

‘தி ஃபவுண்டன்ஹெட்’ நாவலப் படிச்ச சிவில் பயலுவ எல்லாவனும் தன்ன ஹோவர்ட் ரோர்க்னு நெனச்சுக்கிடுதான். பாளையங்கோட்டையில பிளான் போட்டுப் பொழைக்கிற எனக்கு அதுல ரொம்பத் தெரிஞ்ச மூஞ்சி பீட்டர் கீட்டிங்தான். ஐன் ராண்ட் எழுதி 1943ல வந்த புக்கு, கதை நடக்கது அமெரிக்காவுல, ரெண்டு ஆர்க்கிடெக்ட், ரோர்க்க காலேஜை விட்டே வெரட்டிட்டாங்க, கீட்டிங் அதே காலேஜ்ல முதல் ஆளா பாஸ் பண்ணுனவன்.

கீட்டிங்குக்கு உண்மையில பெயிண்டிங்தான் ஆசை. அம்மா சொன்னான்னு ஆர்க்கிடெக்ட் ஆயிட்டான். நம்ம பக்கம் இந்தக் கதை தெருவுக்கு நாலு இருக்கு, அதனால அவன முழுசா வெறுக்க முடியல, ஆனா பார்ட்னர் ஆகணும்னு ஒரு வயசான மனுசன மெரட்டப் போயி அவரு அங்கயே செத்துப்போற எடத்துல கோவம் வந்துட்டு. டிசைன்ல முட்டிக்கிட்டா ராத்திரியோட ராத்திரியா ரோர்க் கிட்டதான் ஓடுவான், பேரு மட்டும் இவனுக்கு. கடைசியில பெயிண்டிங்க மறுபடி ஆரம்பிச்சு அந்தப் படங்களக் கொண்டாந்து காட்டுதான், ரோர்க் பாத்துட்டு காலம் போயிட்டு பீட்டர்ங்குதான். கடைசியில ரோர்க் பக்கம் பக்கமா பேசுற அந்த கோர்ட் பிரசங்கத்த நீங்க தாண்டிப் போனாலும் போங்க, இத விட்றாதீங்க.

ரோர்க் நேர் எதிர். ஒரு ஆபீஸ்ல வேலை பாக்கான், அங்க ஸ்டைலுக்கு ஒரு ஆள், எல்லார் டிசைனையும் கலந்து ஒண்ணா ஒட்டி கிளையண்ட் கிட்ட நீட்டுவாரு முதலாளி. அப்படி நீட்டுன கலர் படத்து மேலயே, கிளையண்ட் முன்னாலயே, இவன் தன் கோட்ட போட்டுத் திருத்திட்டான். வேலை போச்சு, ஆனா அந்த கிளையண்டே இவன கூப்ட்டு வீடு கட்டச் சொல்லுதாரு. அப்புறம் ஒரு பேங்க் பில்டிங், முன்பக்கம் கொஞ்சம் பழைய ஸ்டைல்ல தூண் கீண் வச்சா காண்ட்ராக்ட் உனக்குன்னாங்க, கையில காசே இல்லாத நேரம், முடியாதுன்னுட்டு கல் குவாரிக்கு கூலி வேலைக்குப் போயிட்டான். நெசமா, எனக்கு அந்தத் தெம்பு கெடையாது.

இங்க ஒரு அண்ணாச்சி போன்ல எலிவேஷன், அதான் வீட்டு முகப்பு, போட்டோ கொண்டாருவாரு, மேற்க பாத்த மனைக்கு முன்பக்கம் முழுக்க கண்ணாடி, ரெண்டு ஓரமும் செட்டிநாட்டுத் தூண் மாதிரி கான்கிரீட்டுல. “அண்ணாச்சி, சித்திர வைகாசி சாயங்கால வெயில் நேரா உள்ள வந்துரும், ஏசி நிக்கவே நிக்காது”ன்னா, “ஏல, மச்சான் வீட்லயும் இதான் வச்சிருக்கான், நீ போடு”ம்பாரு. கீட்டிங்கா இருந்தா அவரு கேக்குறதுக்கு முன்னாலயே தலையாட்டிருப்பான். கிரேக்கத்துப் பழைய கோயில் பார்த்தினான் தூண்ல இருக்க வரியெல்லாம் மரத்துல இணைப்ப மறைக்கதுக்கு வந்தது, பளிங்குல எதுக்குன்னு ரோர்க் காலேஜ் டீன் கிட்ட கேப்பாம்பாருங்க, அந்தக் கேள்விய அண்ணாச்சி கிட்ட அப்படியே கேக்கலாம், தேக்குத் தூண கான்கிரீட்ல எதுக்குய்யா ஊத்தணும்?

ஆனா அந்த வாதம் திருநெல்வேலி டவுண் பக்கம் பழைய வீடுகள் கிட்ட வந்தா சறுக்குது. தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுக்களைன்னு உள்ள இருக்க எடமெல்லாம் வரிசைக்கு ஒண்ணு போல, பக்கத்து வீட்டப் பாத்து கொத்தனார் கட்டுனதுதான், எந்த ஆர்க்கிடெக்ட்டும் கையெழுத்து போடல, உள்ள காலு வச்சா குளுகுளுன்னு இருக்கு. காப்பிதான், ஆனா கீட்டிங் அடிச்ச காப்பி இல்ல. இத வைக்க ராண்ட் புக்குல எடமே இல்ல.

அடுத்து நாவல்ல வர்ற கார்ட்லாண்ட் குடியிருப்பு. ஏழைகளுக்கு கம்மி வாடகைக்கு வீடு, ரோர்க் டிசைன், கீட்டிங் பேரு, ஒரு கோடு கூட மாறக்கூடாதுன்னு ஒப்பந்தம். மாத்திட்டாங்க, கீட்டிங்கால தடுக்க முடியல, ரோர்க் ஆள் குடிவர்றதுக்கு முன்னால டைனமைட் வச்சுட்டான், கோர்ட்டும் குத்தம் இல்லன்னுட்டு. குடிவர இருந்த சனங்கள ரெண்டு பேரும் ஒரு வார்த்த கேக்கல. கட்டுறதுக்காகத்தான் எனக்கு கிளையண்ட்டுன்னு சொல்லுற ஆளுல்லா ரோர்க். எங்க வீட்டுக்குன்னா ரோர்க்கைத்தான் கூப்பிடுவேன், ஆனா முதல்ல எங்கம்மா பக்கத்துல உக்காந்து அடுக்களைய பத்தி கேட்டுட்டு அப்புறம் பென்சில எடுக்கட்டும்.